ஆறேமுக்கால் அடிப் பையனும் ஐந்தரை அடி வாசலும்

என் தங்கையின் மகன் பத்தாம் வகுப்புவரை ஒழுங்காகத்தான் இருந்தான். அதன் பிறகு யாரிடமும் முன் அனுமதி பெறாமல் வளரத் தொடங்கினான். பிளஸ் டூ முடித்தபோது கரமனை பஸ்ஸில் நின்றால் கூரை தலையில் முட்டியது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே உடற்கல்வி ஆசிரியர் அவனை வராந்தாவில் பார்த்து, பெயர்கூடக் கேட்காமல், கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கூடைப்பந்துக் கோர்ட்டில் நிறுத்தினார். "நீ ஒண்ணும் செய்யண்டா. ரிங்குக்குத் தாழே நின்னா மதி" என்றாராம், பாதி மலையாளத்தில். ஒன்றும் செய்யாமல் ஓரிடத்தில் நின்றால் போதும் என்று இவ்வளவு தெளிவாக என் சர்வீஸ் முழுக்க எனக்கு யாரும் சொன்னதில்லை. நானாகத்தான் ஊகித்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் அவன் பல்கலைக்கழக அணியின் சென்டர். விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அணியில் எல்லாரையும்விட உயரமானவன், கூடைக்கு அடியில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் வருகிறவர்களை மறித்து, கூடைக்குள் போகாமல் திரும்பி வருகிற பந்துகளைப் பிடித்துக்கொள்கிறவன்தான் சென்டர். எங்கள் ஆபீசில் தபால் பிரிவு செய்துவந்த அதே வேலை. அவர்களுக்குக் கைதட்டல் கிடைக்காது, அதுதான் வித்தியாசம்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கிருந்துதான் வந்தது. தங்கை இருப்பது கரமனை அக்ரஹாரத்துப் பழைய வீட்டில். நான் அதே தெருவில் நாலு வீடு தள்ளி. இந்த வீடுகள் ரயில் பெட்டி மாதிரி: தெருக்கதவு, ரேழிக் கதவு, கூடத்துக் கதவு, அடுக்களைக் கதவு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றங்கரை வரைக்கும் போகும். எல்லாம் ஐந்தரை அடிதான். உள்ளே வருகிறவன் பணிவோடு குனிந்து வரட்டும் என்று பெரியவர்கள் அப்படி வைத்தார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பெரியவர்கள் மரத்தில் மிச்சம் பிடித்தார்கள் என்பது என் கட்சி. எப்படியானாலும், ஆறேமுக்கால் அடிப் பையன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனால் போகும்போதும் வரும்போதும் வாசலுக்கு வாசல் குனிந்தாக வேண்டும். தெருக்கதவில்தான் அடிக்கடி அடிபட்டது என்பதால் தங்கை அதன் மேல்சட்டத்தில் பழைய துண்டு ஒன்றை மடித்து ஆணி அடித்து வைத்தாள். எதிர்வீட்டு மாமா அதைப் பார்த்து, "என்னடி, வாசலுக்குப் பரிவட்டம் கட்டியிருக்காய்? எந்தக் கோவில் மரியாதை?" என்று கேட்டார். அவருக்கு ஐந்தடி இரண்டங்குலம். அவருக்கு எல்லாமே வேடிக்கை.

கடைசி வருடப் படிப்பு முடிகிற சமயத்தில் இரண்டு காரியங்கள் ஒரே மாதத்தில் வந்தன. ஒன்று, வடக்கே ஒரு நகரத்தில் புதிதாகத் தொடங்கிய தொழில்முறை லீக் அணியிலிருந்து ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். இன்னொன்று, என் பழைய ஆபீசில் விளையாட்டு ஒதுக்கீட்டில் உயரமான கூடைப்பந்து ஆட்டக்காரன் ஒருவனுக்கு வேலை என்ற அறிவிப்பு. அது மத்திய அரசு ஆபீஸ். பெயர் வேண்டாம், ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

தங்கை அன்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் அவனும் குனிந்து வந்தான்.

"அண்ணா, நீயே சொல்லு. நோக்குத் தெரியாத ரூலா? ஒரு சீசனாம். சீசன்னா மாம்பழத்துக்குன்னா சொல்லுவா?"

"அம்மா, அது அப்படியில்லை. நன்னா ஆடினா அடுத்த சீசனும் கூப்பிடுவா."

"ஆடலேன்னா?"

"பின்னே வீட்டுக்கு வருவேன்."

"பாத்தியா அண்ணா? வீட்டுக்கு வரதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம் போகணும்? இங்கயே இரேன்."

ஒப்பந்தத்தை அவன் தன் போனில் காட்டினான். படித்தேன். அணி விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் அவனை நிறுத்தலாம் என்று அதில் மூன்று இடத்தில், மூன்று விதமான இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் ஆபீசில் ஒருவரை நிறுத்த ஒரே வழி அவர் இறந்துபோவதுதான். அதற்கும் சான்றிதழ் வேண்டும். இரண்டு உலகங்களுக்கும் உள்ள தூரம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆபீஸ் வேலைன்னா இவனுக்கு என்ன வேலை?" என்றாள் தங்கை.

சொன்னேன். நான் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். எத்தனையோ விளையாட்டு வீரர்கள் சேர்ந்ததையும் அதைவிட அதிகமான முழங்கால்கள் போனதையும் பார்த்தவன். காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மத்தியானம் வரை ஃபைல். சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி. ஆட்டத்துக்கு வெளியூர் போனால் சிறப்புத் தற்செயல் விடுப்பு. சில வருடம் ஆடுவார்கள். பிறகு முட்டி போகும். ஆனால் முட்டி போனவனைத் திருப்பி அனுப்ப விதியில்லை. மீதி சர்வீஸ் பூராவும் அவன் கிளார்க். தொழில்முறை ஆட்டக்காரன் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பான் என்று பத்திரிகைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆபீசில் அறுபது வயது வரைக்கும் தாக்குப்பிடிப்பான், அப்புறம் குடும்ப ஓய்வூதியமாகவும் தொடர்வான்.

"இது போருமே" என்றாள் தங்கை.

"மாமா, அங்க போனா பின்னே நான் ப்ளேயர் இல்லை. ஸ்டாஃப்." பையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "லீக்ல நிக்க முடியுமா முடியாதான்னு எனக்கு அறியணும். அது அறியாம ஃபைல் பார்க்க இருக்க முடியாது. அல்லே?"

முடியுமா முடியாதா என்பதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. விதிகள் தெரியுமே தவிர, பந்து தெரியாது. தகுதியுள்ள ஒருவரை எனக்குத் தெரியும்.

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். எங்கள் ஆபீஸ் அணிக்கு முன்னொரு காலத்தில் சென்டராக இருந்தவர். முட்டி போனதும் அவரை என்ன செய்வது என்று ஆபீஸ் கொஞ்சநாள் யோசித்து, ரெக்கார்டு ரூமில் போட்டது. காரணம், உச்சி ரேக்கில் இருக்கும் ஃபைலை அவர் நின்றபடியே எடுப்பார். ஏணி வாங்கக் கேட்டு நான் அனுப்பிய குறிப்பு நிலுவையில் கிடந்த வருடங்களில் அவர்தான் எங்கள் ஏணி. மேஜைக்கு அடியில் அவருடைய கால் போகாது என்பதால் நான்கு மரக்கட்டைகளை வைத்து மேஜையை உயர்த்தினோம். அரசு மேஜையை உயர்த்த விதியில் இடமில்லை. 'தற்காலிக ஏற்பாடு' என்று குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்கியது நான்தான். அந்தத் தற்காலிகம் அவர் ஓய்வு பெறும்வரை நின்றது. கட்டைகள் இன்றும் அங்கேதான், அடுத்த நெட்டைக்காகக் காத்துக்கொண்டு.

போன் செய்தேன். "சாரே, பயலை ஆட்டத்துல வச்சுப் பாக்கணும். வீட்டுல வச்சுப் பாத்தா எல்லாவனும் வளத்திதான்" என்றார். அடுத்த சனிக்கிழமை மாலை இரண்டு பேரும் கல்லூரிக் கோர்ட்டின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் உட்கார ஒரு படி, காலை நீட்ட மூன்று படி தேவைப்பட்டது.

பையன் நன்றாக ஆடினான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பந்துகளைப் பிடித்தான். இரண்டு பேரைக் கீழே தள்ளிவிட்டு, கைகொடுத்துத் தூக்கியும் விட்டான். நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் பந்து போன பக்கமே பார்க்கவில்லை. பையனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நல்ல கை" என்றார் கடைசியில். "ஓட்டம் கொள்ளாம். தூர நின்னு எறியது வராது, அது படிச்சுக்கிடலாம். ஆனா ஒரு காரியம் கவனிச்சியளா? பந்தைப் பிடிச்சிட்டு ரிங்குப் பக்கம் திரும்பும்போ தலையைக் குனியுதான்."

"குனிகிறானா?"

"ஒரு நொடி. ஒவ்வொரு தடவையும். பாருங்க… பாருங்க… இன்னா."

பார்த்தேன். பந்தைப் பிடித்தான், திரும்பினான், கூடைப் பக்கம் அடியெடுத்து வைப்பதற்கு முன்னால் தலை 'டக்'கென்று தாழ்ந்தது. எனக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். எங்கள் ரேழிக் கதவு.

"உங்க வீட்டு வாசல் எவ்வளவு உசரம்?" என்றார்.

"ஐந்தரை."

அவர் சிரித்த சிரிப்பில் கோர்ட்டிலிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்போ இவனுக்குக் கோச்சு அந்த வீட்டைக் கட்டின ஆசாரியாக்கும்! உள்ள நுழையணும்னா குனியணும்னு சின்னதுலயே படிப்பிச்சு விட்டிருக்கான்."

"அது பெரிய குறையா?"

"குனியும்போ கண்ணு தரையில போவும் சாரே. பக்கத்துலேர்ந்து ரெண்டாமத்தவன் வாறதைப் பாக்க மாட்டான். காலேஜ் ஆட்டத்துல ரெண்டாமத்தவன் வாறதுக்குள்ள இவன் நிமிந்திருவான், அதனால யாருக்கும் தெரியல்ல. லீக்குல வெளிநாட்டுக்காரன் ஒருக்க பாப்பான். அடுத்த தடவை இவன் நிமிரும்போ பந்து அவன் கையில இருக்கும். ஒரு மாசத்துல எல்லா டீமுக்கும் விஷயம் தெரியும். பெறவு பெஞ்சு. பெறவு வீடு."

"ஆபீஸ் டீமில்?"

"அங்க குனிஞ்சா என்ன? நாம எல்லாரும் குனிஞ்சவங்கதானே."

ஆட்டம் முடிந்து பையன் வந்ததும் அதை அவனிடமே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "மக்களே, உனக்க கண்ணு கீழ போவுது. அது மாறினா லீக்குல நிப்பே. மாறல்லன்னா கிறிஸ்மஸுக்கு வீட்டுல இருப்பே." பையனின் முகம் தொங்கிப்போயிற்று. இப்படிப்பட்ட ஆட்டக்காரனுக்குக் கோச்சுகள் என்ன செய்வார்கள் என்று கேட்டான். எதிரே ஒருவன் நின்று விரல்களைக் காட்டுவான், திரும்புகிறபோது எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், கண் மேலே இருந்தால்தான் சொல்ல முடியும் என்றார். "ஆனா நாளு பிடிக்கும். வீட்டுக்குப் போயி மறுபடி குனிஞ்சா எல்லாம் போச்சு."

காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று அவரைத் தங்கை வீட்டுக்கு அழைத்துவந்தேன். தங்கை கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் அவர் ரேழிக் கதவில் குனிந்து உள்ளே வந்தார். பின்னாலேயே பையன் குனிந்து வந்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி, இடது தோளை முன்னால் விட்டு. ஒரே ஒரு வித்தியாசம்: பையன் உள்ளே வந்ததும் நிமிர்ந்துவிட்டான். அவர் நிமிரவில்லை. வருடக்கணக்கில் தன்னைவிடக் குள்ளமானவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டவரின் முதுகு அது.

காப்பி டம்ளரை அவர் பிடித்த விதத்தைத் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆட்டத்தில் உடைந்து, சரியாகச் சேராமல் போன விரல்கள் இரண்டு, அவர் சொல் கேட்காமல் வேறு திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. விருந்தாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்றுகூட அவள் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் காப்பி?" என்றாள், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இந்த வாசலெல்லாம் ஒசத்தறதுக்கு என்ன பண்ணணும்?"

எனக்குக் கேள்வியின் தீவிரம் புரியவில்லை. நடைமுறையைக் கேட்டால் நான் நடைமுறையைச் சொல்லிவிடுவேன், பழக்கம் அப்படி. இது பாதுகாக்கப்பட்ட பழைய தெரு. தெருவிலிருந்து தெரிகிற பாகத்தைத் தொடவே கூடாது. உள்ளே மாற்ற வேண்டுமானால் வரைபடம், பொறியாளர் கையொப்பம், விண்ணப்பம், நேரில் ஆய்வு. பக்கத்துவீட்டுச் சுவர் பொதுச் சுவர் என்பதால் அவர்கள் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு அவர்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற வாரிசுகள் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும்; அதில் ஒருவர் கனடாவில்.

"எப்போ கிடைக்கும்?"

"அவன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதற்குள் வந்துவிடும்."

திங்கட்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது நாலு வீடு தள்ளி 'டமார் டமார்' என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஆசாரி ஒருவர் ரேழிக் கதவின் மேல்சட்டத்தில் உளியை வைத்துக்கொண்டு நின்றார். தங்கை புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில்.

"மாமி, இது நல்ல பழைய தேக்காணு. வெட்டணோ?" என்றார் ஆசாரி மனமில்லாமல்.

"வெட்டு."

"அனுமதி?" என்றேன் நான்.

"நீ சொன்ன மாதிரி தெருக்கதவைத் தொடலை அண்ணா. இது உள்ளே. என் ஆத்துக்குள்ள அவன் இனிமே குனிய வேண்டாம். வெளில குனிஞ்சா அது அவன் பாடு."

"அப்போ ஆபீஸ் வேலை?"

அவள் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். "அவர் உள்ள வந்ததைப் பாத்தேன்" என்றாள். "பின்னாடியே இவன். என்னமோ போட்டோவையும் நெகடிவ்வையும் பாத்தாப்பல இருந்தது." பிறகு ஆசாரியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மேல எடும்" என்றாள்.

அடுக்களைக் கதவு வரைக்கும் மூன்றையும் உயர்த்தி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் ரசத்தில் மிளகுக்குப் பதில் சுண்ணாம்பு. எதிர்வீட்டு மாமா வந்து, "உயரத்துக்குத் தகுந்தாப்பல வாசலை ஒசத்துறதுன்னா, எனக்குத் தகுந்தாப்பல என் ஆத்து வாசலைக் கீழ இறக்கணுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலை முடிந்த அன்று பையன் ரேழியிலிருந்து கூடத்துக்கு வந்தான். கதவு இப்போது ஏழடி. அவன் கதவுக்கு முன்னால் வந்ததும், 'டக்'கென்று குனிந்து, வெறும் காற்றுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தான்.

"யாருக்குடா நமஸ்காரம் பண்றே?" என்று கத்தினாள் தங்கை. மாற்றப்பட்டது மரம் மட்டும்தான். விதியை ரத்து செய்தாலும் கிளார்க்குகள் பழைய விதிப்படியே ஃபைல் எழுதுவார்கள் என்பதை அனுபவத்தில் கண்டவன் நான். எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் தங்கைக்கு விரல் விஷயம் காதில் விழுந்திருந்தது. அன்றிலிருந்து அவன் கதவைத் தாண்டும்போதெல்லாம் எதிரே கையை உயர்த்திக்கொண்டு நிற்பாள். "எத்தனை?" அவன் தரையைப் பார்த்தபடி "மூணு" என்பான். "நாலு! போ, திரும்பி வா." மறுபடி ரேழிக்குப் போய் மறுபடி வருவான். இட்லி தட்டில் ஆறும். அவள் குளிக்கப் போகும் நேரத்தில் எனக்கு அந்தப் பொறுப்பு. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவன் கூடத்தின் நடுவில் நின்று விரல்களை மாற்றி மாற்றிக் காட்டுவதைத் தெருவிலிருந்து பார்த்த பால்காரர், அடுத்த நாள் எங்கள் வீட்டில் என் உடல்நிலையை விசாரித்தார்.

நடுவில் ஆபீஸ் தேர்வும் நடந்தது. அவன் போனான், குனிந்தான், தேர்வானான். ஆணை வந்தது. இங்கேதான் என் படிப்பு உதவியது. ஆணை வந்த உடனே சேர வேண்டியதில்லை. தகுந்த காரணம் காட்டிச் சேரும் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். லீக்கின் சீசன் முடிகிற வரைக்கும் சரியாக எட்டும் நீட்டிப்பு அது. அதற்கு மேல் ஒரு நாளும் நீளாது. ஆணை தானாகவே காலாவதியாகும். விண்ணப்பத்தை நான் எழுதிக்கொடுத்தேன், அவன் கையெழுத்திட்டான். இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தம்பானூரில் ரயிலேற்றினோம். பெர்த்தில் அவன் கால் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. டீ விற்கிறவர் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்.

ஆட்டங்களைத் தங்கை வீட்டில் போனில் பார்த்தோம். அவன் பெரும்பாலும் பெஞ்சின் கோடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆடுகிறது வெளிநாட்டுச் சென்டர் ஒருத்தன். அவனைப் பார்த்தால் நம் பையன் சின்னப் பிள்ளை.

"ஏன் துண்டைப் போத்திண்டிருக்கான்? ஜுரமா?" என்று முதல் வாரம் கேட்டாள் தங்கை.

"பெஞ்சில் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள்."

"அப்போ எல்லாருக்கும் ஜுரமா?"

கேமரா பெஞ்சுப் பக்கம் போகும்போதெல்லாம் போனை நோக்கி விரலைக் காட்டினாள்.

சீசனின் பாதியில் வெளிநாட்டுக்காரனுக்குக் கணுக்கால் பிசகியது. நம் ஆள் துண்டை எறிந்துவிட்டு எழுந்தான். தங்கை போனைச் சுவரோடு சாய்த்து வைத்து, அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதல் தடவை பந்து வந்தபோது குனிந்தான்; பந்து போயிற்று. அடுத்த தடவையும் குனிந்தான், அதுவும் போயிற்று. ரெக்கார்டு ரூம்காரர் சொன்ன மாதிரியே, எழுத்துக்கு எழுத்து. தங்கை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை பந்தைப் பிடித்தான், திரும்பினான், தலை நேராக நின்றது. பக்கத்திலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். அவனைப் பார்த்துவிட்டு, பந்தை வெளியே நின்ற சிறிய பையனிடம் விட்டான். அந்தச் சிறியவன் கூடையில் போட்டான். வர்ணனையாளர் அந்தச் சிறியவனைப் புகழ்ந்தார்.

உடனே ரெக்கார்டு ரூம்காரரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "சாரே, பாத்தியளா?"

"பாயிண்ட் எடுத்தது அந்தக் குட்டையன் அல்லவா?"

"அதை விடுங்க. கண்ணு மேல இருந்துது, பாத்தியளா? கண்ணு!"

சீசன் முடிந்தது. ஆபீஸ் ஆணை காலாவதியாக இரண்டு நாள் இருக்கும்போது பையன் ஊருக்கு வந்தான். இன்னொரு சீசனுக்கு அதே அணி கேட்டிருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தான், இரண்டாவது சென்டராக. முதல் சென்டராக வேறொரு வெளிநாட்டுக்காரன் வருகிறானாம். தங்கைக்குக் கொஞ்சம் பயம் திரும்பி வந்திருந்தது. "ரெண்டாவதுன்னா பெஞ்சுதானே அண்ணா? மறுபடி துண்டுதானே?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் சேர்வதற்குத் தேவையான சான்றிதழ்களை எல்லாம் நகலோடு அடுக்கி ஃபைல் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ரெக்கார்டு ரூம்காரரும் வந்திருந்தார். மூவரும் கூடத்தில் காத்திருந்தோம்.

தெருவில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மாமாவின் "வாடா, வாடா" கேட்டது. அடுத்து 'டொக்' என்று ஒரு சத்தம். தேங்காய் உடைத்த மாதிரி.

நான்கு பேரும், மாமாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஓடினோம். பையன் தெருக்கதவின் முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். தெருவிலிருந்து தெரிகிற பாகம் என்பதால் நாங்கள் தொடாமல் விட்ட கதவு அது. அதே ஐந்தரை அடி. அவன்தான் இல்லையே என்று தங்கை அந்தத் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். குனியப் பழகிக்கொண்ட பத்தொன்பது வயதிலிருந்து ஒருநாளும் இடித்துக்கொள்ளாத வாசலில், தலையை நேராக வைத்துக்கொண்டு, தன் பாட்டுக்கு நடந்து வந்து இடித்துக்கொண்டிருக்கிறான்.

தங்கை அவன் முன்னால் மண்டியிட்டாள். கையை உயர்த்தினாள். "எத்தனை?"

"ரெண்டும்மா" என்றான் கண்ணீரோடு.

"சரியாச் சொல்றான்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பெற்ற பிள்ளையின் நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு தாய் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ரெக்கார்டு ரூம்காரர் வாசல் சட்டத்தைத் தட்டிக்கொடுத்தார்.

உள்ளே போய், நெற்றியில் ஐஸை வைத்துக்கொண்டு, பையன் கேட்டான்: "மாமா, ஆபீஸ் ஆஃபர் வேண்டாம்னு எழுதணுமா? சும்மா விட்டா மதியா?"

"விட்டால் தானாகவே காலாவதியாகும். ஆனால் எழுதிக் கொடுத்தால் பட்டியலில் அடுத்த பையனுக்குச் சீக்கிரம் போகும்."

"அப்போ எழுதிடலாம்."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் ரெக்கார்டு ரூம்காரரைப் பார்த்தாள். "நீங்கோ சொல்லுங்கோ. ரெண்டாவது ஆளா இருந்தா நிக்க முடியுமா?"

"ரெண்டாவது ஆளுதான் நிப்பான் அம்மா" என்றார் அவர். "மொதல் ஆளை வருஷத்துக்கு வருஷம் மாத்துவான். தோத்தா அவனைத்தான் மாத்துவான். ஜெயிச்சா வேற டீமுக்காரன் அவனைக் கொண்டுபோவான். ரெண்டாமத்தவனை மாத்த யாருக்கும் ஞாபகம் வராது."

இதை நான் முழு மனதோடு ஆமோதித்தேன். நாலு தலைமை அதிகாரிகள் என் கண்ணெதிரே வந்து, மாறி, போனார்கள். அவர்களுக்கு அடுத்த நாற்காலியில் நான் இருந்தேன் என்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. அந்த ஒரு தகுதியில்தான் நான் ஓய்வூதியம் வாங்குகிறேன்.

அன்றே எழுதினேன். மறுப்புக் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும், காரணம் சொல்லக்கூடாது, நன்றி கடைசியில். பையன் கையெழுத்திட்டான். பட்டியலில் அடுத்தவன் கொல்லத்துப் பையன். ஆறரை அடி என்று கேள்வி. நான்கு மரக்கட்டைகளும் அவனுக்குப் போகும். அவன் வீட்டு வாசல் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

தங்கை கொடியிலிருந்து துண்டை எடுத்து மறுபடி தெருக்கதவில் ஆணி அடித்தாள். "மறுபடியும் பரிவட்டமா?" என்றார் எதிர்வீட்டு மாமா.

"ஆமாம் மாமா. அடுத்த சீசன் முடிஞ்சும் வருவான். சீசனுக்கு சீசன் இடிச்சுக்க முடியுமா?"

ரெக்கார்டு ரூம்காரரைப் பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். ஸ்டாப்பில் நின்றுகொண்டிருக்கும்போது, அவ்வளவு நேரமும் பையனுக்கு முன்னால் கேட்காமலிருந்ததைக் கேட்டேன். "உண்மையைச் சொல்லும். எத்தனை வருடம் நிற்பான்?"

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்ல நேரமில்லாமல் படியில் ஏறினார், குனிந்து உள்ளே போனார், ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி விரல்களைக் காட்டினார். அவற்றில் உடைந்த விரல்கள் இரண்டும் தம் இஷ்டத்துக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"மூணா? அஞ்சா?" என்று கத்தினேன்.

"எனக்கே தெரியாது சாரே!" என்றார் நகர்கிற பஸ்ஸிலிருந்து. "அந்த ரெண்டு விரலும் எண்ணிக்கையில உண்டா இல்லையான்னு நானே இன்னும் தீர்மானிக்கல்ல!"